மஞ்சள் கிரீஸ்



மதரஸா ஆசிரியன் ஒருவன் எழுத அமர்ந்தால், பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றியோ பெற்றோரின் கடமையைப் பற்றியோதான் எழுதுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இம்முறை நான் கிரீஸைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறேன். வண்டிச் சக்கரங்களிலும் இயந்திர மூட்டுகளிலும் இடுகின்ற அதே மசகைப் பற்றித்தான். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, மாலை நேரங்களில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவனுக்கும் கிரீஸுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவு ஒரு மனிதரின் வலது கரத்தை விலையாகக் கொடுத்து வந்தது. அதைச் சொல்லாமல் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். இனியும் சொல்லாதிருப்பது முறையன்று என்று உணர்ந்தே இதை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய சிறிது நேரத்தில் துபாயிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என்னிடம் ஓதிய மாணவர். நாமக்கல்லில் என் மச்சானுடைய லாரிப் பட்டறையில் மூன்று ஆண்டுகள் உதவியாளராக இருந்து தொழில் பழகி, பின்னர் வளைகுடாவுக்குச் சென்றவர். அங்கே கேளிக்கைப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

"ஹஜ்ரத், ஒரு பாய்மரப் படகை மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதன் புரொப்பெல்லருக்கு கிரீஸ் மாற்ற வேண்டும். 'லாரி வேலை தெரிந்தவன்தானே, உனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் போய்விட்டார். இங்கே நான்கைந்து டப்பாக்கள் இருக்கின்றன. எதைப் போடுவது என்று மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்வீர்களா? நான் கேட்டால் திட்டுவார்" என்றார்.

மேஸ்திரி என்று அவர் குறிப்பிட்டது என் மச்சானை. என் அக்காவின் கணவர்.

"உனக்கு எது சரியென்று படுகிறது?" என்று கேட்டேன்.

"நம் பட்டறையில் ஹப்புக்குப் போடுவோமே, அந்த லித்தியம் கிரீஸ் இங்கேயும் இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா என்று நினைத்தேன். பிறகு பயமாக இருந்தது. அதனால்தான் கேட்கிறேன்."

"தெரியாது" என்று சொல்ல அந்த இளைஞருக்குத் துணிவிருந்தது. ஏறக்குறைய அதே வயதில், அதே போன்றதொரு கேள்விக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை.

* * *

எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் கடல் இல்லை. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் மிதக்கும் பரிசல்தான் நாங்கள் அறிந்த படகு. ஆனால் சக்கரங்கள் உண்டு. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள், சங்ககிரியின் சரக்கு லாரிகள், திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவெங்கும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டிகள், எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர்கள் ஆகியவை இம்மண்ணின் அடையாளங்கள். இங்கே பல குடும்பங்களின் அடுப்பு எரிவது எங்கோ தொலைதூரச் சாலையில் ஒரு சக்கரம் தடையின்றிச் சுழல்வதால்தான்.

லாரிகள் வருவதற்கு முன்பு எங்கள் பாட்டனார் மாட்டுவண்டி வைத்திருந்தார். வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதற்குள் வண்டிமை. வைக்கோலைக் கரித்து, அக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த மை அது. நீண்ட பயணம் புறப்படும்முன் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, இருசில் அதைத் தடவுவார். மை இல்லாத வண்டி அலறிக்கொண்டே போகும். அந்த ஓசையைக் கேட்டாலே ஊரார், வண்டிக்காரன் சோம்பேறி என்று முடிவு செய்துவிடுவார்கள் என்று அத்தா சொல்வார்.

விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கு எங்கள் மானாவாரி நிலங்களுக்குப் பழக்கமான பயிர். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் லித்தியம் கிரீஸின் மூலப்பொருள்களில் ஒன்றும் அதே விளக்கெண்ணெய்தான். விளக்கெண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கி, அதிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிரித்து, லித்தியம் காரத்தோடு வினைபுரியச் செய்தால் ஒருவகைச் சோப்பு கிடைக்கிறது. அச்சோப்புதான் அந்தக் கிரீஸின் உடல். பாட்டனாரின் மூங்கில் குழாயில் இருந்த எண்ணெய், வேறு உருவில் பேரனின் லாரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் பிற்பாடு கற்றேன். 2007ஆம் ஆண்டில் எனக்கு இது எதுவும் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் மனமும் இல்லை.

* * *

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பட்டம் பெற்றிருந்தேன், மதரஸாவில் ஆசிரியராகச் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. மச்சானிடம் சொந்தமாக ஒரே ஒரு லாரி இருந்தது. கடன் வாங்கி வாங்கியது. மழைக்காலம் தொடங்கியிருந்ததால், முன்சக்கரங்களின் ஹப்பைத் திறந்து பேரிங்குகளைக் கழுவிப் புதிய கிரீஸ் இடுவதென்று முடிவாயிற்று. விடுமுறை நாளாகையால் நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். "மாப்பிள்ளை, இரண்டு கிலோ கிரீஸ் வாங்கி வந்துவிடு, எப்போதும் வாங்குவதுதான்" என்று பணத்தைக் கையில் கொடுத்தார் மச்சான்.

எப்போதும் வாங்குவது எது என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். படித்தவன், இதைக்கூடக் கேட்பதா என்ற எண்ணம் தடுத்தது.

கடைக்காரர் நல்லவர். அவர் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டார்.

"எதற்குங்க?"

"லாரிக்கு."

"லாரியில் எந்த இடத்துக்கு?"

"எல்லாவற்றுக்கும்தான்" என்றேன்.

அவர் இரண்டு டப்பாக்களைக் காட்டினார். இரண்டுக்குள்ளும் இருந்தது ஏறத்தாழ ஒரே மஞ்சள் நிறம். ஒன்று கிலோவுக்கு 40 ரூபாய் குறைவு. விலை குறைந்ததைத் தொட்டு, "இது தண்ணீருக்கு அசையாது. நிப்பிள் வைத்த இடங்களுக்கெல்லாம் அடிப்பார்கள்" என்றார். மழைக்காலம், தண்ணீருக்கு அசையாதது, விலையும் குறைவு. வேறென்ன வேண்டும்? வாங்கினேன். மிச்சமான 80 ரூபாயை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தபோது எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. அவர் டயர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. நிறம் அதே நிறந்தானே! பட்டறைப் பையன்கள் ஹப் நிறைய அதை அப்பிப் பூட்டிவிட்டார்கள்.

லாரி ஜவ்வரிசி மூட்டைகளோடு வடக்கே போயிற்று. பத்து நாட்களுக்குப் பின் பாரத்தோடு திரும்பி வந்தது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் சாலை தொப்பூர்க் கணவாயில் நெடுந்தூரம் சரிந்து இறங்குகிறது. அன்று தேசிய நெடுஞ்சாலை 7, இன்று 44. அந்த இறக்கத்தில் எத்தனை குடும்பங்கள் தம் ஆண்மக்களை இழந்திருக்கின்றன என்பதை எங்கள் பகுதி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநர் பின்னர் கூறியது இது. இறக்கத்தின் பாதியில் கருகிய எண்ணெயின் வாடை வந்தது. வலப்பக்க முன்சக்கரத்திலிருந்து புகை எழுந்தது. பிரேக்கை மிதித்தபோது வண்டி நேரே நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. சாலையோரத்து மண்மேட்டில் மோதிச் சாய்ந்து நின்றது. ஓட்டுநருக்கு நெற்றியில் காயம். கிளீனராக இருந்த பத்தொன்பது வயது இளைஞருக்கு வலது தோளும் மேற்கையும் நொறுங்கிவிட்டன. ராசிபுரம் பக்கத்துப் பிள்ளை. விதவைத் தாய்க்கு ஒரே மகன்.

* * *

என்ன நடந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், கிரீஸ் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அன்று. அதன் பெரும்பகுதி எண்ணெய்தான். ஆனால் அந்த எண்ணெயை ஒரு சோப்பு தன் நார்களுக்கிடையில் பிடித்து வைத்திருக்கிறது. பஞ்சு நீரைப் பிடித்து வைத்திருப்பதைப் போல. பேரிங் உருளும்போது அழுத்தத்தால் சிறிது சிறிதாக எண்ணெய் கசிந்து உலோகத்தைக் காக்கிறது. ஆகவே கிரீஸின் குணம் எண்ணெயை மட்டும் பொறுத்ததன்று. பிடித்து வைத்திருக்கும் சோப்பையும் பொறுத்தது.

சோடியச் சோப்பில் செய்த கிரீஸ் சூட்டைத் தாங்கும். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். கால்சியம், அதாவது சுண்ணாம்பு இனச் சோப்பில் செய்த பழைய வகைக் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது. ஆனால் அதன் கட்டமைப்பையே ஒரு சிறு அளவு நீர்தான் இறுக்கி வைத்திருக்கிறது. ஏறக்குறைய 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது அந்த நீர் போய்விடும். சோப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று கிரீஸ் பிரிந்து உருகி ஓடிவிடும். அதற்கு வெகு முன்பே, 60, 70 டிகிரிக்கு மேல் அதைப் பயன்படுத்தலாகாது. லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்டத் தொடங்குவதற்கு 180 டிகிரிக்கு மேல் வேண்டும். லித்தியம் காம்ப்ளக்ஸ் என்ற வகை இன்னும் கூடுதலாகத் தாங்கும். சோப்பே இல்லாமல் ஒருவகைக் களிமண்ணால் கெட்டியாக்கிய கிரீஸும் உண்டு. அது எளிதில் உருகுவதில்லை. ஆனால் லித்தியம் இனத்தோடு அதைக் கலந்தால் இரண்டுமே இளகிக் கெட்டுவிடக்கூடும்.

கெட்டித்தன்மைக்கும் ஓர் அளவு உண்டு. 1933இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற தேசியக் கிரீஸ் நிறுவனம் வகுத்த எண்முறையே உலகெங்கும் வழங்குகிறது. 000 என்பது குழம்பு போன்றது; 6 என்பது சோப்புக்கட்டி போன்றது. லாரிச் சக்கரங்களுக்கு 2 அல்லது 3ஆம் எண். ஆனால் எண் ஒன்றாக இருப்பதாலேயே இனமும் ஒன்றாகிவிடாது. நிறமோ எதையுமே சொல்லாது. அது பெரும்பாலும் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்.

நான் வாங்கியது சுண்ணாம்பு இனம். மச்சான் எப்போதும் வாங்குவது லித்தியம் இனம், 3ஆம் எண்.

தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு பிரேக் பிடித்துக்கொண்டே வரும் லாரியின் பிரேக் டிரம் கொதிக்கும். அந்தச் சூடு ஹப்புக்குப் பரவும். ஹப்பை முழுவதும் அடைத்துவிட்டதால் பேரிங் கிரீஸையே கடைந்து கடைந்து சூட்டை இன்னும் ஏற்றும். உள்ளே காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ நிரப்புவதே முறை. சூடேறிய மஞ்சள் கிரீஸ் உருகி, ஆயில் சீலைத் தாண்டி, பிரேக் லைனிங்கின் மேல் வழிந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் பேரிங்கும் வறண்டது, பிரேக்கும் வழுக்கியது. இடப்பக்கச் சக்கரத்தின் பிரேக் மட்டும் பிடித்ததால் வண்டி இடப்பக்கம் இழுத்துச் சென்றது. அந்தச் சக்கரத்திலும் அதே கிரீஸ்தான் இருந்தது. அது முந்திக்கொண்டிருந்தால் வண்டி வலப்பக்கம், எதிரே வரும் வாகனங்களின் மேல் பாய்ந்திருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான்.

* * *

மச்சான் முதலில் ஆயில் சீலைத்தான் குற்றம் சொன்னார். மட்டமான சீல் என்று அதை விற்றவரோடு சண்டையும் போட்டார். நானும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களுக்குப் பின் ஒரு முதிய மெக்கானிக் பட்டறைக்கு வந்தார். டப்பாவில் மிஞ்சியிருந்த கிரீஸை இரு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். பின் ஒரு தகரத் துண்டின் மேல் இதில் பட்டாணியளவும், பக்கத்துப் பட்டறையிலிருந்து வாங்கிய லித்தியம் கிரீஸில் பட்டாணியளவும் வைத்து, அடியில் மெழுகுவத்தியைக் காட்டினார். தோராயமான சோதனைதான், ஆனால் கண்ணால் காணப் போதுமானது. எங்கள் மஞ்சள் உருண்டை நெய்யைப் போல் உருகித் தகரத்தின் ஓரத்துக்கு ஓடியது. மற்றது அசையாமல் இருந்தது.

"இதை யார் ஹப்புக்குப் போட்டது?" என்று கேட்டார் பெரியவர்.

அங்கே நின்ற பட்டறைப் பையன்கள் தலைகுனிந்தார்கள். போட்டவர்கள் அவர்கள்தான். வாங்கியவன் நான். அந்த நேரத்தில் என் நாவு எழவில்லை. மறுநாளும் எழவில்லை. மாலையில் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்துப் பொய் சொல்லக் கூடாது, பிறர்மேல் பழி போடக் கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பட்டறையில் ஒரு பையன் அந்தப் பழியோடு வேலையை விட்டுப் போனான். மூன்று மாதங்கள் அப்படியே கழிந்தன.

பின்னர் ஒருநாள் மச்சானிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன விடையையும், மிச்சமான 80 ரூபாயையும். அவர் வெகுநேரம் பேசவில்லை. "கடையிலிருந்து ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று மாலையே, வேலையை விட்டுப் போன பையனின் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். அவனுடைய பெற்றோர் முன்னிலையில் நான் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னேன்.

ராசிபுரத்துக்குப் போவதற்கு மேலும் சில நாட்கள் ஆயின. அந்த இளைஞரின் கை அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தோளுக்கு மேலே எழவில்லை. ஓட்டுநராக வேண்டும் என்ற அவருடைய ஆசை அத்தோடு முடிந்துவிட்டது. மச்சானும் நானும் எங்களால் இயன்றதைச் சேர்த்து அவருக்கு ஒரு தேநீர்க் கடை வைக்க உதவினோம். அது ஈடாகும் என்று நான் எண்ணியதில்லை. நான் உண்மையைச் சொன்னபோது அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு, "டீ குடிங்க பாய்" என்றார். இன்றும் அந்தப் பக்கம் போனால் அவர் கடையில் நின்று தேநீர் அருந்துகிறேன். உயரத்திலுள்ள பிஸ்கட் பாட்டிலை அவர் இடக்கையால் எடுப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

* * *

மீண்டும் துபாய்ப் படகுக்கு வருவோம்.

மறுநாள் காலை பட்டறைக்குச் சென்று மச்சானிடம் மாணவரின் கேள்வியைச் சொன்னேன். "நம் லாரியிலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறது. அதன் கிராஸுக்கு அடிப்பதையே அடிக்கச் சொல்ல வேண்டியதுதானே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தானே மாணவரைத் தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை. கேள்விகள்தான் கேட்டார். சூடு எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு? சுழல்வது வேகமாகவா, மெதுவாகவா? எந்த உலோகம்? உள்ளே முன்பு இருந்தது எந்த இனம்? செய்தவனுடைய புத்தகம் என்ன சொல்கிறது?

மாணவர் விளக்கியதை நான் அறிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். பாய்மரப் படகுக்கும் சிறிய இயந்திரம் ஒன்று உண்டு. துறைக்குள் நுழையும்போதும் காற்று இல்லாதபோதும் அது உதவும். அதன் புரொப்பெல்லர், அதாவது நீரைத் தள்ளும் விசிறி, பாயை விரித்து ஓடும்போது வெறும் தடையாகிவிடுகிறது. அந்தத் தடையைக் குறைக்க இரண்டு வழிகளைக் கண்டிருக்கிறார்கள். ஒன்று, பூவின் இதழ்கள் குவிவதைப் போல விசிறியின் இறக்கைகள் பின்னோக்கி மடங்கிக்கொள்வது. மற்றொன்று, இறக்கைகள் தம் அடிப்பகுதியில் திரும்பி, கத்தியின் விளிம்பைப் போல நீரோட்டத்துக்கு நேராக நிற்பது. இந்த இரண்டாவது வகையில் நடுக்குடத்துக்குள் சிறு பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவை கிரீஸில் குளித்திருக்க வேண்டும். மாணவரின் கையில் இருந்தது அந்த வகை.

அங்கே சூடு இல்லை. சுற்றிலும் குளிர்ச்சியூட்டும் கடல்நீர். இறக்கைகள் அடியில் திரும்புவது எப்போதாவது, அதுவும் மிக மெதுவாக. ஆனால் உப்புநீர் ஆண்டு முழுவதும் உள்ளே புகப் பார்க்கும். அதனால் நீரில் கழுவப்படாத கிரீஸ் தேவை. மிகக் கெட்டியானால் இறக்கைகள் திரும்பாமல் மந்தமாகும். மிக இளகினால் கடலோடு போய்விடும். உலோகம் வெண்கலம்; ஆகவே கிராஃபைட் கலந்தது ஆகாது. கிராஃபைட் மின்னோட்டத்தைக் கடத்துவதால், உப்புநீரில் அருகிலுள்ள உலோகத்தை அரிக்கத் தூண்டும். உலோக அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்வதற்கென்றே விசிறியின் நுனியில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்தியிருப்பார்கள். அது தேயத் தேய மாற்ற வேண்டும். இறக்கைகள் இறுகிப்போனால் என்ன ஆகும்? படகுக்குப் பிரேக் கிடையாது. விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றித்தான் அதை நிறுத்த வேண்டும். துறைக்குள் நுழையும்போது இறக்கைகள் திரும்ப மறுத்தால், தொப்பூரில் எங்கள் லாரிக்கு நேர்ந்ததுதான் அங்கேயும்.

மாணவர் மேற்பார்வையாளரிடம் துணிந்து சென்று, "எனக்குத் தெரியவில்லை, தயாரிப்பாளரின் கையேடு வேண்டும்" என்று கேட்டு வாங்கியிருந்தார். மறுநாள் இரவு அதிலிருந்த வரியைப் படித்துக் காட்டினார். நீரை எதிர்க்கும் கால்சியம் இனக் கிரீஸ் என்று அதில் இருந்தது.

மச்சான் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீ அன்றைக்கு வாங்கி வந்தாயே, அதன் இனம்தான் இதற்கு வேண்டுமாம்" என்றார்.

பதினேழு ஆண்டுகளாக நான் அந்த மஞ்சள் கிரீஸை ஒரு தீய பொருளாகவே மனத்தில் வைத்திருந்தேன். அது தீயதன்று. அதற்குரிய இடம் வேறு. நீருக்கு அஞ்சாத அதை நெருப்பின் அருகில் வைத்தவன் நான். அந்த மாணவர் தமக்கு மிகப் பழக்கமான லித்தியம் கிரீஸையே கையேட்டைப் பாராமல் போட்டிருந்தால், அதே தவற்றை மறுபுறமாகச் செய்திருப்பார்.

அவர் பழைய கிரீஸை முழுவதும் கழுவி நீக்கி, புதியதை கிரீஸ் கன்னால் செலுத்தி, மறுபுறத் துளையில் அது வெளிப்படும்வரை நிரப்பினார். இறக்கைகள் ஒரே விரலுக்குத் திரும்பின என்று சொல்லும்போது அவருடைய குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் என்னவென்று சொல்வேன்!

* * *

வாசக சகோதரிகளே, இது ஆண்களின் பட்டறைச் செய்தி என்று நீங்கள் ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, சில மாதங்களில் அது பிசினாக இறுகிச் சக்கரம் சுழல மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டு நாளடைவில் பிசுபிசுத்து இறுகும். அதற்குரிய மெல்லிய இயந்திர எண்ணெயே வேண்டும், கிரீஸும் ஆகாது. மாவரைக்கும் கிரைண்டரின் அடிப் பேரிங்குக்கு நீர் புகும் ஆபத்து. மோட்டார்ப் பேரிங்குக்குச் சூடு. இரண்டுக்கும் ஒரே டப்பா என்று எடுப்பதற்கு முன் கேட்டறிய வேண்டும்.

வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு எங்கள் மச்சானின் வழக்கத்தைச் சொல்கிறேன். டப்பாவின் நிறத்தையும் விலையையும் பார்க்கும் முன், அதன் மேல் எழுதியிருக்கும் இனத்தையும் எண்ணையும் படியுங்கள். தயாரிப்பாளரின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். முன்பு இருந்த இனம் தெரியாவிட்டால், பழையதை முற்றிலும் கழுவிய பிறகே புதியதை இடுங்கள். ஹப்பை நிறைத்து அடைக்காதீர்கள். எந்த நாளில் எந்தக் கிரீஸ் இட்டோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாங்கிவர யாரையாவது அனுப்பினால், "எப்போதும் வாங்குவது" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

எனக்கு நானே விதித்துக்கொண்ட வழக்கம் ஒன்றும் உண்டு. என் வகுப்பில் ஒரு பிள்ளை கேள்விக்கு விடை தெரியாமல் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பப் பார்த்தால், முன்பு கடிந்துகொள்வேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. "தெரியாது ஹஜ்ரத்" என்று சொல்லும் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுகிறேன். ஏன் என்று பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. வளர்ந்து, யாரோ ஒருவருடைய சக்கரம் தம் கைக்கு வரும் நாளில் இன்ஷா அல்லாஹ் விளங்கும்.

கடைக்காரர் அன்று கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "எந்த இடத்துக்கு?" அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நான் மிச்சம் பிடித்தது 80 ரூபாய்.